ஒரே சர்வரில் எல்லாக் கணக்கும்: சாவி யார் கையில்?

பில் போட ஒரு கணினி, கணக்கு எழுத ஒன்று, கிட்டங்கி இருப்புப் பார்க்க ஒன்று என்று நம்மில் பலருடைய கடைகளில் மூன்று நான்கு பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. "இத்தனை எதற்கு? ஒரே சர்வர் வாங்குங்கள், அதற்குள்ளேயே நான்கு கணினி ஓடும்" என்று கணினி விற்பவர்கள் இப்போது வந்து சொல்கிறார்கள். இதை நம்பலாமா என்று சங்க உறுப்பினர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். நம்பலாம். ஆனால் கடையில் ஒருவராவது அதை நடத்தக் கற்றுக்கொள்ளாமல் வாங்கக் கூடாது என்பது பட்டு அறிந்த என் கருத்து.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். இதற்கு விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். பெரிய கிட்டங்கி ஒன்றைத் தட்டி வைத்துத் தடுத்து, துவரைக்கு ஒன்று, உளுந்துக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று என்று அறை அறையாகப் பிரித்துத் தனித்தனிப் பூட்டுப் போடுகிறோம் அல்லவா? அதுபோல ஒரே இயந்திரத்தின் நினைவகத்தையும் வட்டையும் பிரித்துக் கொடுத்து, பல மெய்நிகர் கணினிகளை ஓட வைப்பதுதான் இது. யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒரு அறையில் தகராறு என்றால் அடுத்த அறை பாதிக்காது. ஆனால் கூரையில் தீப்பிடித்தால் எல்லா அறையும் போகும். இதை மறக்கக் கூடாது.

இது நேற்று வந்த சரக்கு அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணினிகளுக்கு இந்த ஏற்பாட்டை விற்றது. 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய விஎம்வேர் இதைச் சாதாரண கணினிகளுக்கும் கொண்டுவந்தது. 2007-ல் லினக்ஸுக்குள்ளேயே கே.வி.எம். என்ற பெயரில் இந்த வசதி சேர்ந்தது. 2008-ல் மைக்ரோசாப்ட் ஹைப்பர்-வி என்பதை வெளியிட்டது. ஆகவே தொழில்நுட்பத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

நன்மையும் உண்டு. மின்சாரம், யு.பி.எஸ்., இடம் எல்லாம் மிச்சம். மெய்நிகர் கணினி என்பது கடைசியில் சில கோப்புகள்தான் என்பதால், இயந்திரம் பழையதானால் அப்படியே வேறு இயந்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் பில் மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதை இணையத் தொடர்பு இல்லாத தனி அறையில் வைத்து, புதியதுக்கு மாறும்வரை சமாளிக்கலாம்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். 2022 தீபாவளிக்கு முந்தின வாரம். எங்கள் மண்டியில் மூன்று கணினிகளை ஒரே சர்வரில் சேர்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அமைத்துக் கொடுத்தவரிடம், "காப்பு நகல் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தேன். "ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறது, கவலை வேண்டாம் அண்ணாச்சி" என்றார். நானும் திருப்தி அடைந்துவிட்டேன். ஒரு காலை வட்டு பழுதாகி சர்வர் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, ஸ்னாப்ஷாட்டும் அதே வட்டில்தான் இருந்தது என்று. ஐந்து மாதக் கொடுக்கல் வாங்கல், வெளியூர் பாக்கி எல்லாம் போயின. கணக்குப்பிள்ளை பழக்கம் விடாமல் கையால் எழுதி வந்த சிட்டையும், வாடிக்கையாளர்களின் நாணயமும்தான் எங்களைக் காப்பாற்றின. பண்டிகை வியாபாரத்தில் நான்கு நாள் போனது போனதுதான். அமைத்தவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் கேட்டது என் தவறு.

அதன் பிறகு கடைப் பையன் ஒருவனைக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். நானும் கூட உட்கார்ந்தேன். நாங்கள் அறிந்துகொண்டவற்றில் முக்கியமானவை இவை:

1. ஸ்னாப்ஷாட் காப்பு நகல் ஆகாது. மென்பொருள் புதுப்பிக்கும் முன் "பழைய நிலைக்குத் திரும்பலாம்" என்று போட்டுவைக்கும் அடையாளம் அது. மூல வட்டு போனால் அதுவும் போகும். மாதக்கணக்கில் விட்டுவைத்தால் வளர்ந்து வட்டை நிரப்பிவிடும்.

2. ஒரே விவரத்தை இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறை நல்லது. ஒரு வட்டு பழுதானால் மற்றது ஓடும். ஆனால் தவறாக அழித்தது இரண்டிலும் அழியும். ஆகவே அதுவும் காப்பு நகல் ஆகாது.

3. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே. இது உலகம் முழுவதும் சொல்லும் விதி. வெளி வட்டை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் நிரல்கள், செருகியிருக்கும் வட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

4. எடுத்த நகல் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டு.

5. செயலியின் நேரத்தைப் பலர் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளலாம். நினைவகம் அப்படி அல்ல. 16 ஜிபி உள்ள இயந்திரத்தில் நான்கு கணினிக்கும் நான்கு நான்கு என்று முழுவதையும் கொடுத்தால், ஹைப்பர்வைசருக்கு ஒன்றும் மிஞ்சாமல் எல்லாம் திணறும்.

6. மின்சாரம் போனால் யு.பி.எஸ். தீருமுன் எல்லா மெய்நிகர் கணினிகளும் தானாக முறையாக நிற்கும்படி அமைக்க வேண்டும். மென்பொருள் உரிமங்களையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு பதிப்பில் ஒரு முழு உரிமத்துக்கு இரண்டு மெய்நிகர் கணினிதான் வைக்கலாம்.

7. நிர்வாகக் கடவுச்சொல் முதலாளியிடம், எழுதி உறையில் போட்டு, பெட்டகத்தில் இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ளப் பெரிய செலவு இல்லை. வீட்டுக் கணினியிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தொடங்கலாம். கணினியின் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் வசதியைத் திறந்துவிட வேண்டும். அதன்பின் கழித்துப்போட்ட ஒரு கணினியில், கே.வி.எம். அடிப்படையிலான ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவிப் பழகலாம். அதுவும் இலவசமாகக் கிடைப்பதுதான். எங்கள் பையன் கடை சாத்தியபின் தினம் ஒரு மணி நேரம் என்று மூன்று மாதம் பழகினான். வேண்டுமென்றே வட்டைக் கழற்றுவான், பிறகு மீட்பான். "கெடுத்துப் பார்த்தால்தான் அண்ணாச்சி பயம் போகுது" என்றான். அவன் சொன்னது சரி.

தெரிந்துவைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பும் நின்றது. 2025 ஏப்ரலில் அது திரும்ப வந்தது. விற்பவர் எப்போது வேண்டுமானாலும் நிபந்தனையை மாற்றுவார். வேலை தெரிந்த ஆள் கடையில் இருந்தால், நாம் வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம். இல்லையென்றால் கேட்ட தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரே கல்லா வைத்து நடத்தும் மளிகைக் கடைக்கு இதெல்லாம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல கணினியும், மாறி மாறி நகல் எடுக்க இரண்டு வெளி வட்டும் போதும். ஆனால் மூன்றாவது, நான்காவது, ஏழாவது விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருந்தாக வேண்டும். "வட்டு போய்விட்டது" என்று அதிகாரியிடம் சொன்னால் எடுபடாது.

நமது சங்கம் வரி விவரங்களுக்குக் கூட்டம் போடுகிறது. அதுபோல, கடைக்கு ஒரு இளைஞரை அனுப்பச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினால் என்ன? நிர்வாகிகள் பரிசீலிக்க வேண்டுகிறேன். கல்லாச் சாவியை நாம் வெளியாளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கணக்குச் சாவியை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?