எலெக்ட்ரிக் காருக்கு சன் ஃபிலிம்: போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓகே, இந்தப் பக்கம் ஃபைனா?

போடிநாயக்கனூரில் இருந்து காலையில் கிளம்புகிற கார், 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களும், தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் வழக்கமாகத் தாண்டுகிற எல்லை இது. அந்த வரிசையில் இப்போது எலெக்ட்ரிக் கார்களும் சேர்ந்திருக்கின்றன. புது கார் எடுத்தவர் காதில் விழும் முதல் யோசனைகளில் ஒன்று: "சன் ஃபிலிம் ஒட்டிடுங்க, ஏசி லோடு குறையும், ரேஞ்ச் ஏறும்."

ரேஞ்ச் உண்மையிலேயே ஏறுமா என்பது ஒரு கேள்வி. ஒரே மலையின் இரண்டு பக்கத்திலும் அந்த ஃபிலிமை ஒரே மாதிரி பார்ப்பார்களா என்பது இன்னொன்று.

சட்டம் எங்கே நிற்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 100-வது விதிதான் அடிப்படை. முன், பின் கண்ணாடிகள் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு இது 50 சதவீதம். இந்த அளவைத்தான் கடைகளில் 'வி.எல்.டி' என்கிறார்கள்.

அப்படியானால் 50 சதவீதம் வரை ஃபிலிம் ஒட்டலாம்தானே என்று 2012 வரை பலரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி, அவிஷேக் கோயங்கா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கறுப்புக் கண்ணாடி கார்கள் குற்றங்களுக்கு மறைப்பாகிவிடுகின்றன என்பது மனுதாரரின் வாதம். விதி சொல்லும் அளவு கண்ணாடி தயாராகும்போதே இருக்க வேண்டியது. பிறகு எந்த அளவிலான ஃபிலிமையும் மேலே ஒட்டக் கூடாது என்றது நீதிமன்றம். மே 4 முதல் நாடு முழுக்க போலீஸார் ஃபிலிம்களைக் கிழித்தெடுத்தது பலருக்கு நினைவிருக்கும். விளக்கம் கேட்டுப் போன ஃபிலிம் தயாரிப்பாளர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் சாதகமான பதில் கிடைக்கவில்லை.

திருப்பம் வந்தது விதியில். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 'சேஃப்டி கிளாஸ்' என்பதோடு 'சேஃப்டி கிளேசிங்' என்ற சொல்லும் சேர்ந்தது. இதற்கான 2019-ம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயம், உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியையும் ஏற்றுக்கொள்கிறது. இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.நகரேஷ் தீர்ப்பளித்தார். 70, 50 என்ற அளவு காக்கப்பட்டால் ஃபிலிம் ஒட்டலாம், அதற்காக அபராதம் விதிக்கக் கூடாது. 2012 தீர்ப்பு பழைய விதியின் அடிப்படையில் வந்தது என்பது அதன் சாரம். கார் கம்பெனி மட்டும்தான் ஒட்டலாம், உரிமையாளர் ஒட்டக் கூடாது என்ற வாதமும் எடுபடவில்லை.

ஆனால், அது கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. தேனி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. இங்கே அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி வாதாடலாமே தவிர, தமிழ்நாடு போலீஸாரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய் அபராதம். பூப்பாறையில் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்கிற அதே கார், முந்தல் இறங்கியதும் ரசீது வாங்க வாய்ப்பிருக்கிறது. விதி மத்திய அரசினுடையது, மலை ஒன்று, பதில் மட்டும் இரண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியது கார் ஓட்டுபவர் இல்லை.

பலர் கோட்டை விடுவது கணக்கில்

கேரளத் தீர்ப்பையே எடுத்துக்கொண்டாலும், '50 சதவீத ஃபிலிம்' வாங்கி ஒட்டினால் விதிக்குள் வராது. காரணம், கம்பெனிக் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால், 75-ல் பாதி, அதாவது 37.5 சதவீதம்தான் உள்ளே வரும். இது எந்த மாநிலத்திலும் மீறல்தான். 70 சதவீத ஃபிலிம் என்றால் 52.5 வருகிறது, நூலிழையில் பாஸ். முன் கண்ணாடியில் இன்னும் நெருக்கடி: 75 சதவீதக் கண்ணாடியில் 90 சதவீத ஃபிலிம் ஒட்டினால்கூட 67.5-தான். அதனால் முன் கண்ணாடியில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ரேஞ்ச் ஏறுமா?

பெட்ரோல் காரில் ஏசி இன்ஜினோடு ஓடும். எலெக்ட்ரிக் காரில் அதே பேட்டரியில் இருந்துதான் ஏசிக்கும் கரண்ட் போகிறது. அதனால் கடைக்காரர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எவ்வளவு என்பதுதான் விஷயம்.

வெயிலில் நின்ற காரைக் குளிரவைக்கும் முதல் சில நிமிடங்களுக்கு ஏசி 2, 3 கிலோவாட் வரை இழுக்கலாம். குளிர்ந்தபின் ஒரு கிலோவாட்டை ஒட்டி நிற்கும். போடியில் இருந்து மெட்டு ஏற ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், ஏசிக்குப் போவது சுமார் ஒரு யூனிட். ஃபிலிம் அதில் கால்வாசியை மிச்சம் பிடித்தாலும் கால் யூனிட். சமதளத்தில் அது இரண்டு கிலோமீட்டர்கூடத் தேறாது.

மலை கேட்பது வேறு அளவு. நான்கு பேரோடு சுமார் 1,700 கிலோ எடையுள்ள கார், போடியில் இருந்து மெட்டுக்கு ஏறும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே நாலரை யூனிட் தேவை. 30 யூனிட் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு அது. இறங்கும்போது மோட்டார் வழியாக ஒரு பகுதி திரும்பிவிடும். ஆக, ரேஞ்சுக்காக ஃபிலிம் ஒட்டுகிறவர், டயர் காற்றை முதலில் பார்க்கலாம். பாதி மலை ஏறியதும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குகிற ஊரில் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

ஃபிலிமின் நிஜப் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஏலக்காய் ஏலம் முடியும்வரை போடியில் வெயிலில் காத்து நிற்கும் காரிலும், சித்திரை மாதம் மதுரைக்குப் போகும்போது பின் சீட்டில் இருக்கும் குழந்தைக்கும் சூடு குறையும். அந்த சுகத்துக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

சூரியனில் இருந்து வரும் ஆற்றலில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதை மட்டும் தடுக்கும் செராமிக் ஃபிலிம்கள் ஏறக்குறைய நிறமில்லாமலே கிடைக்கின்றன. சாயம் ஏற்றிய மலிவான ஃபிலிம் பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் சூட்டை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. சில வருஷத்தில் ஊதா நிறமாகிவிடவும் செய்யும். உலோகப் படலம் கொண்ட ரகம் ஜிபிஎஸ், மொபைல் சிக்னலைக் கெடுக்கலாம். முன் கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக்கும் தகராறு செய்யும்.

கடையில் ஒரு பல்பைப் போட்டு, ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது. அந்த பல்ப் பெரும்பாலும் அகச்சிவப்பை மட்டுமே உமிழ்வது, வெயில் அப்படி இல்லை. '95 சதவீதம் ஐ.ஆர் தடுப்பு' என்பதை விட்டுவிட்டு, மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கும் என்று கேட்க வேண்டும். அந்த எண் பாதியை ஒட்டி வந்தாலே நல்ல ஃபிலிம்.

மெட்டில் மூடுபனி இறங்கிய மாலையில், வளைவில் எதிரே வரும் ஜீப்பை பக்கக் கண்ணாடி வழியாகத்தான் முதலில் பார்க்க முடியும். கண்ணாடி இருட்டாக இருந்தால் அந்த ஒரு நொடி தாமதமாகும். 500 ரூபாய் அபராதத்தைவிட இதுதான் பெரிய செலவு.

ஒட்டுவது என்று முடிவானால், வி.எல்.டி அளவு எழுதிய பில்லையும் தயாரிப்பாளர் சான்றையும் காரிலேயே வைத்திருப்பது நல்லது. சாலையில் சோதிப்பவர் கையில் எப்போதும் மீட்டர் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். கதவு சுவிட்சுகளையும் டேஷ்போர்டு திரையையும் துணி போட்டு மூடச் சொல்ல வேண்டும். பசை காயும்வரை மூன்று, நான்கு நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது. மெட்டு ஏறியதும் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குகிறவர்கள் அந்த வாரம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளணும்.