பெருவெடிப்பில் இருந்து டீமேட் வரை

பேட்டரி கம்பெனி பங்கு பத்தின அரட்டையில இந்த டயலாக் எப்படியும் வந்துடும்: "லித்தியம் நட்சத்திரத்துல பிறந்த உலோகம் மச்சி, இப்ப வாங்கலன்னா அப்புறம் கிடைக்காது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் பாதியே அரைகுறை.

நட்சத்திரங்கள் பெரும்பாலும் லித்தியத்தை அழிக்கத்தான் செய்யும். உள்ளே வெப்பம் சுமார் 25 லட்சம் கெல்வினைத் தாண்டினாலே, புரோட்டான் மோதி அது ஹீலியமா உடைஞ்சிடும். இன்னைக்கு இருக்கிற லித்தியத்துல கொஞ்சம் பெருவெடிப்போட முதல் சில நிமிஷங்கள்ல உருவானது. கொஞ்சம், காஸ்மிக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் அணுக்கருக்களை உடைச்சதால வந்தது. இன்னொரு முக்கியமான மூலம் நோவா வெடிப்பு, அதாவது வெண்குள்ளன் மேல நடக்கிற வெடிப்பு. 2013-ல் தெரிஞ்ச ஒரு நோவாவுல ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி பெரிலியம்-7-ஐப் பார்த்தது. அதோட அரை ஆயுள் 53 நாள், சிதைஞ்சா லித்தியம்-7.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பெருவெடிப்புக் கணக்குப்படி இருக்க வேண்டிய லித்தியத்துல சுமார் மூணுல ஒரு பங்குதான் பழைய நட்சத்திரங்கள்ல தெரியுது. விஞ்ஞானிகள் இதை மூடி மறைக்கலை. 'லித்தியம் பிரச்சினை'ன்னு பேரே வெச்சு, வருஷக்கணக்கா வெளிப்படையா மோதிக்கிட்டு இருக்காங்க.

இப்போ பங்குச் சந்தைக்கு வாங்க. அமெரிக்காவோட குவாண்டம்ஸ்கேப், 2020 நவம்பர்ல லிஸ்ட் ஆச்சு. கிராஃபைட் ஆனோடுக்குப் பதிலா லித்தியம் உலோகம், நடுவுல செராமிக் செப்பரேட்டர். ஐடியா அருமை. டிசம்பர்ல சோதனை முடிவு விட்டாங்க: 15 நிமிஷத்துல 80% சார்ஜ். ஆனா சோதிச்சது ஒரே ஒரு அடுக்கு உள்ள செல். காருக்குப் பல டஜன் அடுக்கு வேணும். விக்கிறதுக்கு ஒரு பேட்டரிகூட இல்லாத அந்தக் கம்பெனியோட பங்கு அதே மாசம் 130 டாலரைத் தாண்டுச்சு. சந்தை மதிப்புல ஃபோர்டையே முந்திடுச்சு. 2022 கடைசியில 6 டாலருக்கும் கீழ.

வேடிக்கை என்னன்னா, அதே 2022 டிசம்பர்லதான் 24 அடுக்கு மாதிரி செல்களைக் கார் கம்பெனிகளுக்கு அனுப்பினாங்க. லேப் முன்னாடி போச்சு, விலை பாதாளத்துக்குப் போச்சு. அப்போ 130 டாலர் எதோட விலை? பேட்டரியோடது இல்லை, பேச்சோடது.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். எத்தனை அடுக்கு, எந்த வெப்பநிலை, எவ்வளவு அழுத்தம், எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும்னு வைவால நம்மளையே குடையறாங்க. ஸ்டைபண்ட் காசைப் போடும்போது மட்டும் ஏன் இதைக் கேட்கக் கூடாது? கேட்டவுடனே "நெகட்டிவா பேசாதே"ன்னு எந்த குரூப்பாவது வாயை அடைச்சா, அங்கிருந்து முதல்ல வெளிய வாங்க. பிரபஞ்சத்தோட கணக்கையே சந்தேகப்படலாம்னா, ஒரு கம்பெனியோட கணக்கைத் தாராளமா சந்தேகப்படலாம்.