லெஸ்டர் உடனே ஏறிவிடுமா?

இங்கிலாந்துக் கால்பந்து அணியான லெஸ்டர் சிட்டி 2025-இல் மறுபடியும் பிரீமியர் லீக்கிலிருந்து அதற்கு அடுத்த நிலையான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிட்டது. 2023-இல் விழுந்தபோது அடுத்த ஆண்டே 97 புள்ளிகளோடு முதலிடம் பிடித்து ஏறிவந்தார்கள். 2025-26 பருவத்திலும் அதுவே நடக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. 2016-இல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற அணியில் மிச்சமிருந்த ஒரே ஆள் ஜேமி வார்டி. 500 ஆட்டம், 200 கோல் என்ற கணக்கோடு அவரும் விடைபெற்றுவிட்டார். சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்ற அணி இனி யாரை நம்பும்? நிதி விதிகளை மீறிய குற்றச்சாட்டால் புள்ளிகள் பறிபோகும் அபாயம் வேறு 2025-இல் தலைக்கு மேல் தொங்கியது. ஒரே பருவத்தில் இறங்கியதால் பிரீமியர் லீக்கின் உதவித்தொகையும் மூன்றாண்டுக்குக் கிடையாது, இரண்டாண்டுக்குத்தான்.

என்னைக் கேட்டால், சம்பளம் அதிகமுள்ள வீரர்களை விற்றுவிட்டுப் பையன்களை இறக்கட்டும். 2025 ஏப்ரலில் நியூகாசிலுக்கு எதிராக லெஸ்டரின் இளம் வீரன் ஜெரமி மொங்கா களம் கண்டபோது அவனுக்கு வயது 15. மற்றவர்கள் சட்டையில் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் இருந்தது. சிறுவன் என்பதால் அவன் சட்டையில் மட்டும் அது இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு 46 ஆட்டங்கள் கொண்ட பருவம் நல்ல பள்ளிக்கூடம். முதல் ஆறு இடத்துக்குள் வந்தாலே 2025-26 பருவத்துக்குப் போதும். ரசிகர்களும் அதற்குமேல் நெருக்கக் கூடாது.