சயாமுக்குப் போனவருக்கு ஓர் இலை



சென்ற மாதம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் குடும்ப மரம் ஒன்று வரைந்து வரச் சொன்னேன். மறுநாள் வந்த தாள்களில் அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி தங்கை பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பாட்டி இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் 'பாட்டி' என்றே எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, "பாட்டிக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். "பாட்டிக்குப் பேரு பாட்டிதான் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் என் பாட்டியின் நினைவு வந்தது.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி 2014ஆம் ஆண்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 91 என்று அடையாள அட்டை சொன்னது. அதுவும் நிச்சயமில்லை. 1948இல் அவசரகாலத்தில் அட்டை எழுதியபோது, கிராணி ஆளைப் பார்த்து ஒரு வருஷத்தைச் சொன்னாராம்; அதுவே பிறந்த வருஷமாக நின்றுவிட்டது. சின்ன வயதில் தாய் தந்தையரோடு 'ரஜுலா' கப்பலில் பினாங்குக்கு வந்து, ஜெரஜாக் தீவின் நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் இருந்து, அங்கிருந்து சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்துக்கு வந்தவர் அவர். அதன்பிறகு ஊர்ப்பக்கம் போனதே இல்லை.

பாட்டிக்குக் கல்யாணம் ஆன வருஷமே ஜப்பான்காரன் வந்துவிட்டான். பால் வெட்டு நின்றது. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்குதான் சோறு. 1943இல் தோட்டத்துக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி என்றார்கள். தாத்தாவும் லாரியில் ஏறினார். அப்பா அப்போது பல் முளைக்காத கைக்குழந்தை. தாத்தா திரும்பி வரவே இல்லை.

அந்தப் பாதையைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர் மட்டும் 70,000 பேருக்கு மேல் என்பது போருக்குப் பின் எடுத்த கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்து மக்கள். கைதிகளோடு அவர்களுடைய பட்டாளத்து டாக்டர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு வாந்திபேதி வந்தால் பார்க்கப் போதிய ஆளில்லை. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகள் அடக்கம். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நம்மவர்கள் ஒவ்வொருவரும் விழுந்த இடம் எது என்று சொல்ல அப்படிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை.

சண்டை முடிந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பத் தொடங்கியபோது, பாட்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்கு நடந்து போவாராம். வடக்கேயிருந்து ரயில் வரும். எலும்பும் தோலுமாக இறங்குகிறவர்களிடம் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்பார். பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை. செத்துவிட்டார் என்று சொன்னவரும் இல்லை.

அதனால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. லயத்தில் ஜாடை பேசியவர்கள் உண்டு. "பார்த்த ஆளு யாரும் வந்து சொல்லலியே. நானா எப்படி அவரைக் கொல்லுறது?" என்பதுதான் அவருடைய பதில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்குப் போவார். பால் வெட்டி முடித்து வந்தால் ஆட்டுக்குப் புல், கோழிக்குத் தீனி. மறுபடி யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஒரே மகனை ஆளாக்கினார். பிறகு பேரப்பிள்ளைகள் எங்களையும் அவரே வளர்த்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்கும் போய்விடுவார்.

தீபாவளிக்கு முதல்நாள் முன்னோருக்குப் படையல் போடும்போது, பாட்டி சற்றுத் தள்ளி இன்னோர் இலை போடுவார். "இது யாருக்குப் பாட்டி?" என்று கேட்டேன். "செத்தவங்களுக்கு இல்லடா. சயாமுக்குப் போனவருக்கு" என்றார்.

ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழை அவர் கையில் கொடுத்தபோது, எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதிலே உங்க தாத்தா பேரு இருக்கா?" என்றார். என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தானே இருக்கும்? இல்லை என்றேன். "சரி, உங்க அப்பன் அட்டையிலே இருக்கு. அது போதும்" என்றார். தாத்தாவின் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பாட்டி இறந்த அன்று பெரியவர்களிடையே பேச்சு எழுந்தது. சுமங்கலியாக எடுப்பதா, விதவையாக எடுப்பதா? எழுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி தீரவில்லை. கடைசியில் அப்பா எழுந்து, "அம்மா எப்படி இருந்தாங்களோ அப்படியே போகட்டும்" என்றார். மஞ்சளும் பூவும் பொட்டுமாகத்தான் பாட்டி போனார்.

2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில், அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவரு உயரமா, குட்டையா? எந்த ஊருக்காரரு? உங்க பாட்டியைக் கேட்டிருக்கலாம்" என்றார். உண்மைதான். அத்தனை வருஷம் பாட்டியின் மடியில் கிடந்தவன், படித்தவன், பேனா பிடித்தவன் நான். ஒரு நாளும் கேட்டு எழுதி வைக்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டாலும் பரவாயில்லை. வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளை கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டியின் முழுப் பெயர், அவரைப் பெற்றவர்கள் பெயர், ஊர்ப் பெயர், வேலை செய்த தோட்டங்கள், பெற்ற பிள்ளைகள், பறிகொடுத்த பிள்ளைகள், யார் எப்போது எங்கே போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். பாட்டி அழுதால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் கேட்கட்டும். துரை வீட்டுக் கணக்கை எழுதி வைக்க ஆள் இருந்தது. நம் வீட்டுக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

அந்தச் சிறுமியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் காலையில் அவளுடைய பாட்டியே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். "எம் பேரை எதுக்கு சார் கேட்டீங்க? ஏதாச்சும் பாரம் நிரப்பணுமா?" என்று பயத்தோடு கேட்டார். "இல்லை பாட்டி, பேத்தி தெரிஞ்சிக்கிடட்டுமேன்னுதான்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தம் பெயரையும், தம் தாயார் பெயரையும், தாயைப் பெற்ற பாட்டியின் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிறுமி எழுதிக்கொண்டாள். தாளில் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினாள்.