மருத்துவர் மாறலாம், மருந்து ஏன் மாற வேண்டும்?

பலன் தந்துகொண்டிருக்கும் மருந்துகளோடு ஒருவர் புதிய மனநல மருத்துவரிடம் போகும்போது, அம்மருந்துகளை நியாயப்படுத்தும் பொறுப்பு நோயாளியின் தலையிலேயே விழுகிறது. இது தலைகீழான ஏற்பாடு. இரண்டு மூன்று ஆண்டுகள் நிலையாக இருந்த ஒருவரின் மருந்தை மாற்ற நினைப்பவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். தொடர விரும்புகிறவர் அல்லர். இந்த எளிய நியாயம் இந்திய மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் இன்னும் வழக்கமாகவில்லை. அதன் விலையை அதிகம் கொடுப்பவர்களில், படிப்புக்காக ஊர்விட்டு ஊர் போகும் மாணவர்களும் ஆய்வாளர்களும் உண்டு.

குவாஹாத்தியில் முதுகலை முடித்து ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு அவருக்கு உண்டு. முதலில் கொடுத்த மருந்தில் உடல் எடை கூடியது. இரண்டாவதில் பகலெல்லாம் உறக்கம். மூன்றாவது முயற்சியில் லித்தியமும் லாமோட்ரிஜினும் சேர்ந்து பலன் தந்தன. அங்கே வந்து சேர ஒன்றரை ஆண்டும் எழுதாமல் போன ஒரு பருவத் தேர்வும் செலவாயின. முப்பது நாள் மாத்திரையோடு ரயிலேறுகிறார். புதிய ஊரில் மருத்துவரைப் பார்க்க நாள் கிடைப்பது ஐந்தாவது வாரம். கிடைத்த பத்து நிமிடத்தில், பழைய சீட்டைப் புரட்டிய மருத்துவரின் முதல் கேள்வி: “இதையெல்லாம் யார் எழுதியது?” அடுத்த நிமிடம் சீட்டில் கோடு விழுகிறது. மாணவி கற்பனை, கதை கற்பனையன்று. விடுதி அறைகளில் இதன் ஏதோவொரு வடிவத்தைக் கேட்டிராத ஆய்வாளர் அரிது.

மனநல மருந்துகளை மாற்றுவது சட்டை மாற்றுவது போன்றதன்று. லாமோட்ரிஜினை 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து 50 ஆக்கி, பிறகு மெல்ல உயர்த்தி 200க்குக் கொண்டுசெல்ல ஆறு வாரம் ஆகும். விரைந்து ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் பாதிப்பு நேரலாம் என்பதால்தான் இந்த நிதானம். ஐந்தாறு நாள் விடுபட்டாலே பழைய அளவை நேராக விழுங்கக் கூடாது; மறுபடி 25இலிருந்து ஏற வேண்டும். ஆக, மேலே சொன்ன மாணவி ஐந்தாவது வாரம் மருத்துவர் முன் உட்காரும்போதே அவருடைய ஆறு வாரம் பறிபோகத் தொடங்கிவிட்டது. அதற்குக் காரணம் எந்த மருத்துவரின் முடிவும் அன்று, ஒரு காத்திருப்புப் பட்டியல் மட்டுமே. குளோசபின் இன்னும் கறாரானது: 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் பித்துநிலை திரும்பும் ஆபத்து, படிப்படியாகக் குறைப்பதைக் காட்டிலும் கூடுதல். வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்னதிர்ச்சி போன்ற உணர்வு, அழுகை, உறக்கமின்மை ஆகியவை வரலாம். அவற்றை நோய் திரும்பிவிட்டதாகப் பிழையாகப் படித்து, அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதும் நடக்கிறது. மாற்றியவர் மாற்றத்தின் விளைவையே மாற்றியதற்கான சான்றாகக் காட்டும் விந்தை இது.

இதற்கு மருத்துவர்கள் தரப்பில் சொல்லப்படும் பதில் உண்டு: “வேறொருவரின் நோய்க்கணிப்பை அப்படியே ஏற்றுக் கையெழுத்துப் போட முடியாது, பொறுப்பு என்னுடையது.” நியாயமான பேச்சு. ஆனால் நோய்க்கணிப்பை மறுபரிசீலனை செய்வது ஒரு செயல். மருந்தை மாற்றுவது இன்னொரு செயல். முதலாவதை முதல் நாளிலிருந்தே செய்யலாம், செய்யவும் வேண்டும். இரண்டாவதற்குப் பழைய பதிவேடுகள் வேண்டும், இரத்தப் பரிசோதனை வேண்டும், நோயாளியோடு நான்கைந்து சந்திப்புகளாவது வேண்டும். பத்து நிமிடத்தில் நோய்க்கணிப்பை ஏற்க முடியாது என்பவர், அதே பத்து நிமிடத்தில் அதை நிராகரிக்க மட்டும் எப்படி முடிகிறது?

மாற்றியே ஆக வேண்டிய தருணங்களும் இருக்கின்றன. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு, கருவுக்கு அது செய்யக்கூடிய கேட்டைச் சொல்லாமலே வால்ப்ரோயேட் எழுதப்பட்டிருந்தால் அதைக் கேள்வி கேட்கும் மருத்துவர் நன்மையே செய்கிறார். லித்தியத்தில் சிறுநீரகமோ தைராய்டோ தளரும் அறிகுறி, ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காமல் தொடர்ந்த அல்பிரசோலம், ஒரே வேலையைச் செய்யும் மூன்று மருந்துகள் ஆகியவையெல்லாம் தலையிட வேண்டியவை. அங்கும் காரணத்தைச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒன்றை, உரிய வேகத்தில் மாற்றுவதே முறை. இங்கே எதிர்க்கப்படுவது காரணமுள்ள மாற்றம் அன்று. புதியவர் வந்துவிட்டார் என்பதைத் தவிர வேறு காரணமில்லாத மாற்றம்.

இதன் அடியில் இருப்பது யாருடைய சொல் சாட்சியமாகக் கொள்ளப்படும் என்ற கேள்வி. ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் நம்பகத்தைக் குறைத்து மதிப்பதை மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளிவந்த நூலில் சாட்சிய அநீதி என்றார். மானுடவியல், சமூகவியல் துறைகளின் கருத்தரங்குகளில் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. அதே வளாகத்தின் சுகாதார நிலையத்தில் அதற்கு நுழைவு கிடைப்பதில்லை. மருந்தை நிறுத்த வேண்டும் என்று நோயாளி சொன்னால் அவருக்குத் தன் நோய் பற்றிய உணர்வில்லை. தொடர வேண்டும் என்று சொன்னால் மருந்துக்கு அடிமை. இரண்டு பக்கமும் அடைத்த சந்து. “இந்த அளவில் எனக்குக் கை நடுங்குவதில்லை, ஆய்வேடு எழுத முடிகிறது” என்பது மூன்றாண்டுக் கவனிப்பின் முடிவு. அதைச் சொல்கிறவர் தகப்பனாராக இருந்தால் மருத்துவர் குறித்துக்கொள்வார். மருந்தை விழுங்குகிறவரே சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்.

இதைவிடக் கொடிய விளைவு பழைய மருத்துவரின் அறையில் நிகழ்கிறது. மருந்து பொருந்துகிறது, மருத்துவர் பொருந்தவில்லை என்ற நிலை அரிதானதன்று. திருமணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறவர், தன்பாலீர்ப்பைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளிப்பவர், சாதியைக் கேட்டுவிட்டு உரையாடலின் தொனியை மாற்றுகிறவர், நோயாளியிடம் பேசாமல் உடன் வந்தவரிடமே பேசுகிறவர். இவர்களிடமிருந்து விலக எல்லா உரிமையும் உண்டு. ஆனால் விலகினால் அடுத்தவர் மருந்தைக் கலைத்துவிடுவார் என்ற அச்சத்தில், மாதந்தோறும் அவமானத்தை ஏற்று, சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள் பலர். அந்தச் சீட்டு இங்கே பிணைப்பொருளாகிவிடுகிறது. புதிய மருத்துவர்களின் அவசரம், மோசமான பழைய மருத்துவர்களுக்குப் பாதுகாப்பாக அமைகிறது என்பதை இத்துறையினர் எண்ணிப் பார்த்ததுண்டா? விலகத் துணிந்தவருக்கோ ‘மருத்துவர் மருத்துவராகத் தாவுகிறவர்’ என்ற பட்டம் காத்திருக்கிறது. பல் மருத்துவரை மாற்றியவருக்கு யாரும் அப்படியொரு பட்டம் சூட்டுவதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நடைமுறையைவிடப் பல அடி முன்னால் நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 25இல் நோயாளிக்குத் தன் அடிப்படை மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. முன்மொழியப்படும் சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 22. பிறருக்குத் தவறாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது எனப் பிரிவு 4 தெளிவாகச் சொல்கிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளும் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. கேட்டுப் பார்த்தவர்களுக்கு அனுபவம் வேறு. “எதற்கு, வழக்குப் போடவா?” என்ற கேள்விதான் பெரும்பாலும் முதல் பதில்.

சில இடங்களில் சட்டமே முட்டுக்கட்டை என்பதையும் சொல்ல வேண்டும். கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளில் வேண்டும், ஒன்றை மருந்துக்கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் எக்ஸ் அட்டவணை மருந்துகளைத் தொலைபேசி, காணொளி வழியே எழுதத் தடைவிதிக்கின்றன. தவறான பயன்பாட்டைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் ஊர் மாறிய மாணவருக்குப் பழைய மருத்துவர் ஒரு மாதத்துக்குக்கூட உதவ முடியாது. புதியவரோ முதல் சந்திப்பிலேயே இந்த மருந்தைக் கேட்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கும் நோயாளியைக் கலைத்து, ஆறு மாதம் மறுபடி நிலைநிறுத்துவதைவிட நேரத்தை விழுங்கும் வேலை வேறில்லை. பற்றாக்குறையை முன்வைக்கும் வாதம் மருந்தைத் தொடர்வதற்கே சாதகமானது.

தேவைப்படுவது அரைப்பக்கம். நோய்க்கணிப்பு, மருந்துகளின் வணிகப் பெயர் அல்லாத பொதுப்பெயர், அளவு, தொடங்கிய தேதி, முன்பு முயன்று கைவிட்டவை, கைவிட்டதன் காரணம், கடைசி இரத்த அளவு. ஊர் மாறும் ஒவ்வொரு நோயாளிக்கும் பழைய மருத்துவர் கேட்காமலே இதை எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகச் சுகாதார நிலையங்கள், சேர்க்கை நடக்கும் மாதங்களிலேனும், இந்த அரைப்பக்கத்தைக் கொண்டுவருகிறவருக்கு மனநல மருத்துவரைச் சந்திக்கும் நாள் வரை மருந்து இடையறாமல் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். துறைத் தலைவருக்கோ விடுதிக் காப்பாளருக்கோ தகவல் போகாமல் செய்ய வேண்டும். முதல் வாரத்திலேயே நூலக அட்டைக்கு வரிசை ஏற்பாடு செய்யத் தெரிந்த நிர்வாகங்களுக்கு இது முடியாத காரியமன்று.