ஆட்டோமாட்டிக் காரும் அதன் எண்ணெயும்

சென்ற இதழில் பாட்டரியைப் பேணுவது குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் கட்கி ரயில் நிலையத்தில் நம்மைக் கண்டு, "கிளட்ச் இல்லாத வண்டிகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லையே, ஏன்?" என்று வினவினார். நியாயமான கேள்விதான். போபோடியிலும் தாபோடியிலும் வசிக்கும் நம்மவர்களில் கார் வாங்குவோர் பலர், பழைய பம்பாய்–புனே சாலையின் நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு வேண்டி, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியையே நாடுகின்றனர். எனினும் நாம் இதுகாறும் எழுதாதிருந்ததற்குக் காரணம் உண்டு. அது நமது பிழையோடு தொடர்புடையது. சொல்லக் கூச்சமாக இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நமது மைத்துனர் எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமாட்டிக் கார் ஒன்றை இரண்டாங்கையாக வாங்கினார். கோடை விடுமுறையில் வேலூருக்குப் புறப்படுமுன் கியர் எண்ணெயை மாற்றிவிடலாமென்று, "மாமா, நீங்களும் கூட வாருங்கள், உங்களுக்கு எஞ்சின் விஷயம் தெரியும்" என்று நம்மையும் ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றார். பட்டறைக்காரர் சிவப்பு நிற எண்ணெய் டப்பாக்களை எடுத்து வைத்து, "ஆட்டோமாட்டிக் என்றால் இதுதான் ஐயா" என்றார். ரயில்வே குமாஸ்தாவுக்கு எஞ்சின் விஷயம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரிந்த நாம், பெரிய மனிதரைப் போல் தலையை அசைத்தோம். வண்டியிலிருந்ததோ சி.வி.டி. என்னும் வகைப் பெட்டி. மூன்று வாரங்கழித்துக் கம்பாட்கி காட் ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. நமது மாமியாரையும் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, மைத்துனர் வெயிலில் நான்கு மணி நேரம் நின்றார். பெட்டியைப் பழுதுபார்க்க ஆன தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். அது அவருடைய மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம். அவர் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

அதன்பின் கற்றுக்கொண்டதைத்தான் இங்கு எழுதுகிறோம்.

முதலில் இவ்வெண்ணெய் செய்யும் வேலை யாதென்று அறிதல் அவசியம். இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தால், ஏறக்குறைய அதுதான் 'டார்க் கன்வர்ட்டர்'. எஞ்சின் ஒரு பக்கத்தைச் சுற்ற, எண்ணெய் மறுபக்கத்தைச் சுற்றுகிறது. 1905-இல் ஹெர்மன் பாட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் கப்பல்களுக்கென இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரமாட்டிக்' என்ற பெயரில் தானே கியர் மாற்றும் பெட்டியைக் கார்களில் பொருத்தி விற்கலாயிற்று. அதில் இருந்தது டார்க் கன்வர்ட்டருக்கு உறவினமாகிய எண்ணெய் இணைப்பே.

சக்தியைக் கடத்துவதோடு இந்த எண்ணெயின் வேலை முடிவதில்லை. கியர்களை மாற்றும் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும் இதே எண்ணெய். பற்களுக்கு மசகாவதும் இதுவே. சூட்டை வெளியே கொண்டு போவதும் இதுவே. மசகென்றால் வழுக்க வேண்டும். கிளட்ச் பிடிக்க வேண்டுமானால் ஓரளவு வழுக்கக்கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு குணங்களையும் ஒரே திரவத்தில் அமைக்க ரசாயனிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. ஒரு காலத்தில் இதற்காகத் திமிங்கிலத்தின் கொழுப்பு எண்ணெயைக் கூடக் கலந்தனர். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதனைத் தடுத்த பிறகே செயற்கைப் பொருள்களைத் தேடினர்.

நம் ரயில்வேக்கும் இது அயலான விஷயமன்று. மன் மோகன் சூரி என்னும் நமது ரயில்வேப் பொறியியலாளர் டீசல் எஞ்சின்களுக்கென அமைத்த ஹைட்ராலிக் பெட்டிக்குச் 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்றே பெயர்; 1962-இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அளிக்கப்பட்டது. இதே புனேயில், ஹடப்சரிலுள்ள கிர்லோஸ்கர் நியூமேட்டிக் நிறுவனம் ரயில்வேக்கு ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன்களைச் செய்து கொடுத்திருக்கிறது. டீசல் ஷெட்டுகளில் எஞ்சின் எண்ணெயைக் கண்ணால் மட்டும் பார்த்து, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிடுவதில்லை. மாதிரி எடுத்துச் சோதனைச் சாலையில் ஆராய்ந்து, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு கரைந்திருக்கிறதென்று கண்டு, உள்ளே தேய்வது எதுவென்று சொல்லுகின்றனர். நமது வீட்டுக் காருக்கு அத்தகைய சோதனைச் சாலை இல்லை. ஆகவே நாளையும் கிலோமீட்டரையும் குறித்து வைப்பதொன்றே வழி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'ஆட்டோமாட்டிக்' என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் நான்கு வகை. டார்க் கன்வர்ட்டர் உள்ள பெட்டிக்கு வழக்கமான சிவப்பு எண்ணெய். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி தரக்குறி வேறு. சி.வி.டி.யில் கியர்ப் பற்களுக்குப் பதிலாக இரு கப்பிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுகிறது. எஃகும் எஃகும் வழுக்காமல் பற்ற வேண்டுமாதலால் அதற்குத் தனி எண்ணெய். மைத்துனர் வண்டியில் பட்டை வழுக்கியதன் மர்மம் இதுதான். இரட்டைக் கிளட்ச் உள்ள டி.சி.டி.க்கு மூன்றாவது வகை. நான்காவதாகிய ஏ.எம்.டி., 2014-இல் மாருதியின் செலேரியோவுடன் வந்து, விலை மலிவினால் நம் நாட்டில் பரவியது. இது சாதாரணக் கியர்ப் பெட்டியேதான். கிளட்சை நமது காலுக்குப் பதில் ஒரு யந்திரக் கை மிதிக்கிறது. ஆதலால் அதில் ஊற்றுவது சாதாரணக் கியர் எண்ணெய். யந்திரக் கை எண்ணெய் அழுத்தத்தால் இயங்குமாயின் அதற்கு வேறொரு திரவம் சிறிதளவு உண்டு. நமது வாசகர்களில் ஏ.எம்.டி. வைத்திருப்போர் பட்டறையில் 'ஆட்டோமாட்டிக் எண்ணெய் மாற்றுங்கள்' என்று சொன்னால் விபரீதமாக முடியலாம். சிவப்பு என்பது ஒழுகும் எண்ணெய் எதுவென்று கண்டுகொள்ளச் சேர்த்த சாயம் மட்டுமே. குணத்தை அது காட்டாது. வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியுள்ள தரக்குறியை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நாம் இப்போது நம்புவதில்லை.

எப்போது மாற்றுவது? சில கையேடுகள், 'ஆயுள் முழுவதற்கும் போதும்' என்கின்றன. யாருடைய ஆயுளுக்கு என்பதுதான் கேள்வி. கியர்ப் பெட்டி செய்வதில் பெயர்பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமாட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது மிஞ்சினால் எட்டு ஆண்டுகளில், எண்ணெய் மாற்றுவது நலமென்கிறது. ஐரோப்பாவின் குளிருக்கே அப்படியெனில், மே மாத வெயிலில் நெரிசலில் ஊர்ந்து, மலைச்சாலை ஏறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஊருக்கு ஓடும் நமது வண்டிகளுக்கு? எண்ணெயின் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. கையேடு கடினமான உபயோகத்திற்கெனத் தனிக் கெடு கொடுத்திருந்தால் அதுவே நமக்குரியது. கொடுக்காவிடில் அறுபதாயிரத்தை ஒட்டி மாற்றிவிடுவது உத்தமம். இது நமது அபிப்பிராயம். இரண்டாங்கை வண்டியாயின், முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையேல் மாற்றவில்லை என்றே கொள்க.

எண்ணெய் பழுப்பாவது மூப்பின் அடையாளம். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் கருகியிருக்கலாம். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்திருக்கிறது; அப்போது எண்ணெயை மாற்றுவதால் மட்டும் பயனில்லை, வண்டியை ஓட்டாமல் தக்காரிடம் காட்ட வேண்டும்.

மாற்றும் முறையைச் சொல்லுவது நீங்களே காருக்கடியில் புகுவதற்கன்று. நமது சந்துகளில் அதற்குரிய பள்ளமோ லிஃப்ட்டோ கிடையாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. பட்டறையில் அருகே நின்று பார்ப்பதற்கே சொல்லுகிறோம். எண்ணெய் வடிக்கும் திருகைத் திறப்பதற்குமுன், ஊற்றும் திருகு திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துருவேறி அது திறக்காமற் போனால், எண்ணெயை வடித்துவிட்டுப் பின் ஊற்ற வழியின்றி விழிக்க நேரும்! அடித்தட்டில் காந்தம் இருந்தால் அதனை நீங்களே பாருங்கள். விபூதியைப் போன்ற நுண்ணிய சாம்பல்நிறப் பசை இயல்பானது. கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லுகள் இயல்பல்ல. வடிகட்டியும் கேஸ்கட்டும் புதிதாகப் போட வேண்டியவையா என்று கேளுங்கள்.

டார்க் கன்வர்ட்டர் பெட்டியில் திருகைத் திறந்தால் முழு எண்ணெயும் இறங்காது. கன்வர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுமுறையும் வடித்து ஊற்றுவது நன்று. யந்திரத்தால் அழுத்திக் கழுவித் தருவதாகச் சொல்லுவார்கள். நெடுநாள் எண்ணெய் மாற்றாத பெட்டியில், அடியில் படிந்த மண்டியைக் கிளப்பி நுண்துளைகளில் அடைத்துவிடுமென்று அனுபவசாலிகள் அஞ்சுகின்றனர். நாமும் அஞ்சும் கட்சியே.

வடித்த எண்ணெயை அளந்து அதே அளவு ஊற்றியபின், பிரேக்கை மிதித்தபடி கியர்க் கோலை ஒவ்வொரு நிலையிலும் சில வினாடி நிறுத்தி, பிறகே அளவு பார்க்க வேண்டும். சமதரை வேண்டும், எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்பன கையேட்டின்படி. அளவுகோல் குச்சியே இல்லாத புது வண்டிகளில், குறித்த சூட்டில் ஒரு திருகின் வழியே எண்ணெய் சொட்டுவதைக் கொண்டு அளவறிவர். குறைவதும் கேடு, மிகுதியாயின் நுரைத்துக் கெடுக்கும்.

எண்ணெயைப் பற்றியதன்றெனினும் இதனையும் சொல்லிவிடுகிறோம். வழியில் நின்றுபோன ஆட்டோமாட்டிக் வண்டியை, ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய்ப் பம்பும் ஓடாது. உலர்ந்த பாகங்கள் உராய்ந்து கெடும். தட்டு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, வடித்த எண்ணெய். நமது பகுதியில் பவனாவும் மூளாவும் கூடும் ஆற்றோரம் எவ்வளவோ கழிவுகளைத் தாங்குகிறது. சாக்கடையில் கொட்டும் எண்ணெயும் அங்கேதான் போய்ச் சேரும். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே செல்ல வேண்டும். பட்டறையில் விட்டு வருவதானால் அவர்கள் அதனை யாரிடம் கொடுக்கிறார்களென்று கேளுங்கள்.

சென்ற மாதம் மைத்துனர் வண்டிக்குக் கெடுப்படி மீண்டும் எண்ணெய் மாற்றினோம். இம்முறை பட்டறை வேறு. தரக்குறி எழுதிய காகிதம் நமது சட்டைப் பையில் இருந்தது. கேட்டபோது திருப்தியான பதில் வராததால், வடித்த மூன்றரை லிட்டரையும் கேனில் வாங்கி வந்து மாடிப்படிக்கடியில் வைத்திருக்கிறோம். அதனை உரிய இடத்தில் சேர்க்க வரும் சனிக்கிழமை, தமது வண்டியிலேயே அழைத்துப் போவதாக மைத்துனர் சொல்லியிருக்கிறார்.