இழவு வீட்டுக்குப் போக எந்தச் சட்டம் தடுக்கிறது?

“அடுத்தவன் வீட்டில் இழவு விழச் செய்தவனுக்குத் தன் வீட்டு இழவுக்கு லீவு ஒரு கேடா?” என்று கேட்கிறார் நண்பர். கைதட்டல் வாங்கும் கேள்விதான். ஆனால் உள்ளே இருப்பது யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைவாசிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபணமாகாதவர்கள். பெற்றவள் செத்தாலும் இவர்கள் கோர்ட் படியேற வேண்டும். மனு எண்ணாகி, அரசு வழக்கறிஞர் பதில் சொல்லி, உத்தரவு சிறைக்கு வந்து சேரும்வரை ஐஸ் பெட்டி தாங்க வேண்டும்.

தண்டனைக் கைதிக்குப் பரோல் விதி இருக்கிறதே என்பார் நண்பர். இருக்கிறது. 2018 மார்ச்சில் கணவர் இறந்தபோது சசிகலா பெங்களூரு பரப்பன அக்ரஹாரச் சிறையிலிருந்து 15 நாள் பரோலில் தஞ்சாவூர் வந்தார். அதில் தவறே இல்லை. 2020 ஆகஸ்டில் தாய் இறந்தபோது, மாவோயிஸ்ட் தொடர்பு வழக்கில் தண்டனை பெற்று நாக்பூர் சிறையில் சக்கர நாற்காலியில் இருந்த பேராசிரியர் சாய்பாபாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன முகத்தை யார் திருப்பிக் காட்டுவது?

‘ஓடிவிடுவான்’ என்ற பயத்துக்குத்தான் போலீஸ் காவல் இருக்கிறது.

நண்பர் தொடாத இடம் ஒன்று உண்டு. காரியம் முடித்து மொட்டைத் தலையோடு வருகிறவனை வாசலில் சோதனை போட்டு, பிளாக்கில் விட்டுப் பூட்டுகிறார்கள். அவனுக்கு வேண்டியது அன்றிரவு வீட்டுக்கு ஒரு போன், கூட உட்கார ஓர் ஆள். இதற்கு அரசு கஜானாவில் எவ்வளவு துண்டு விழும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.